தலைக்கு ஊற்றிய தண்ணீர்

மலாயாவின் கிள்ளானில் நாதியற்ற வயசாளிகளுக்காக நாலு பெரிய மனிதர்கள் சேர்ந்து நடத்திய விடுதியில் புஷ்பவல்லி ஆயாவாக இருந்தாள். ரப்பர் தோட்டத்திலும் ரயில் ரோட்டிலும் உழைத்து ஓய்ந்து, போக்கிடம் இல்லாமல் வந்து சேர்ந்தவர்கள்தான் அங்கே இருந்தார்கள். அவர்களைக் குளிப்பாட்டுவது புஷ்பவல்லியின் வேலை. சும்மா சொல்லக் கூடாது, அதில் அவள் பலே கைகாரி.

குளிக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பதில் கிழங்களை மிஞ்ச ஆள் கிடையாது. தம்புசாமிக் கிழவர் வாளியைக் கண்டாலே கைத்தடியை ஓங்குவார். புஷ்பவல்லி சண்டைக்கே போக மாட்டாள். "குளிக்க வேணாம் பெரியப்பா. காலு மட்டும் கழுவி விடுறேன்" என்பாள். வெந்நீர் பட்டதும் கிழவருக்கு இதமாக இருக்கும். பாதம் முழங்காலாகும், முழங்கால் இடுப்பாகும். கட்டிய கைலி கட்டியபடியே இருக்க, மானம் போகாமல் முதுகுவரை தேய்த்துவிடுவாள். அவர் திட்டி முடிப்பதற்குள் குளியலும் முடிந்திருக்கும். இந்தச் சாமர்த்தியத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தப் பாழாய்ப்போன கர்வம்தான் கெடுத்தது.

டெங்கில் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டிய காத்தாயி அந்த விடுதிக்கு வந்து சேர்ந்தாள். உடம்புக்குத் தண்ணீர் ஊற்றினால் பேசாமல் இருப்பாள். தலையில் மட்டும் ஒரு சொட்டு விழக் கூடாது.

"கழுத்துக்குக் கீழ ஊத்து தாயி."

ஏன் என்று கேட்டால், "எம்புருசன் வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்பாள். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டாள். அந்தப் புருஷன் நாகையா, ரவாங்கில் ஈயச் சுரங்க வேலைக்குப் போனவர். விடுதிப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. கட்டினவளை அம்போவென்று விட்டுவிட்டுப் போன மனுஷன் என்று புஷ்பவல்லி மனசுக்குள் அவரைத் திட்டித் தீர்ப்பாள்.

நாளாக நாளாகக் காத்தாயியின் முடி சிக்குப் பிடித்துச் சடையானது. பேன் நெளிந்தது. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எல்லோருக்கும் வைத்தியம் பார்க்கும் டிரெஸர் சிவசம்பு, யாழ்ப்பாணத்துக்காரர், மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்:

"இப்பிடியே விட்டால் மற்றதுகளுக்கும் தொத்தும். அடுத்த முறை நான் வரேக்க இந்தத் தலை துப்புரவாக இருக்க வேணும். இல்லாட்டி மொட்டைதான்."

காத்தாயி ஆடிப்போனாள். புஷ்பவல்லியின் கைகளைப் பிடித்துக்கொண்டு, "மொட்ட மட்டும் அடிக்க விட்டுடாத தாயி. தாலியோட இருக்கிறவ நான்" என்று கெஞ்சினாள்.

"நான் இருக்கிறவரைக்கும் ஒன் முடிமேல ஒருத்தரும் கை வைக்க முடியாது ஆத்தா" என்றாள் புஷ்பவல்லி. வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை. மெய்யாகவே சொன்னாள்.

வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள். சீப்பு இறங்கவில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயில் ஊறவைத்து இழை இழையாகப் பிரித்திருந்தால் பிரிந்திருக்கும். அந்தப் பொறுமை அவளுக்கு இல்லாமல் போயிற்று. வெந்நீரும் சீயக்காயும் போட்டால் ஒரே நாளில் சடை இளகிவிடும் என்று கணக்குப் போட்டாள். டிரெஸர் வருவதற்கு முந்தின நாள் காலை, காத்தாயியைக் கிணற்றடியில் முக்காலி போட்டு உட்காரவைத்தாள்.

"காலு மட்டும்தான் ஆத்தா."

காத்தாயி நம்பினாள். வெந்நீரின் சுகத்தில் கண்ணைக்கூட மூடிக்கொண்டாள். புஷ்பவல்லி ஒரு கையால் அவள் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் செம்பை எடுத்து உச்சந்தலையில் கவிழ்த்துவிட்டாள்.

திமிறுவாள், கடிப்பாள், வாய்க்கு வந்தபடி ஏசுவாள் என்று எதிர்பார்த்திருந்தாள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. காத்தாயி வெடவெடவென்று நடுங்கினாள், அவ்வளவுதான். சீயக்காய் போட்டு அலசிச் சிக்கெடுத்து முடித்த புஷ்பவல்லிக்கு ஒரே பூரிப்பு.

"பாத்தியா ஆத்தா, ஒண்ணுமே இல்ல. இதுக்குப் போயி இத்தன நாளா என்னப் படுத்தி எடுத்தியே."

அப்போதுதான் காத்தாயி வாய் திறந்தாள்.

"ரவாங்குல மண்ணு சரிஞ்சு எம்புருசன் போயிட்டாருன்னு ஒருத்தன் வந்து சொன்னான். பொணத்தப் பாத்தியான்னு கேட்டேன். பாக்கலன்னான். சாவு சேதி கேட்டா தல முழுவணும்ல? நான் முழுவல. முழுவுனா நான் ஒத்துக்கிட்டதா ஆயிரும். அவரு எங்கயோ இருக்காருன்னுதான் தாயி இத்தன நாளு சோறு தின்னேன்."

புஷ்பவல்லி கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியாம போச்சே ஆத்தா" என்றாள்.

"நீ கேக்கத்தான் செஞ்சே. வாயால சொன்னா நெசமாயிருமோன்னு நாந்தான் சொல்லல."

சொல்லிவிட்டு, ஈரத்தலையோடு மாரில் அடித்துக்கொண்டு நாகையாவின் பேரைச் சொல்லி ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள். விடுதியே கிணற்றடிக்கு வந்துவிட்டது. தம்புசாமிக் கிழவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டார்.

மறுநாள் டிரெஸர் வந்து தலையைப் பார்த்துவிட்டு, "நீர் கெட்டிக்காரி" என்று மெச்சினார். புஷ்பவல்லிக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அடுக்களைக்குப் பின்னால் போய் அழுது தீர்த்தாள். அதன் பிறகு யாரிடமாவது "காலு மட்டும்" என்று சொன்னால் காலோடு நிறுத்திக்கொண்டாள். நாறினால் நாறட்டும் என்று விட்டுவிட்டு, இன்னொரு நாள் கேட்டுப் பார்ப்பாள். ஆனால் காத்தாயிக்கு அதனால் என்ன ஆகப் போகிறது?

அடுத்த வெள்ளிக்கிழமை புஷ்பவல்லி தண்ணீரைச் சுடவைத்துக் கொண்டுவந்தபோது, யாரும் கூப்பிடாமலே காத்தாயி முக்காலியில் வந்து உட்கார்ந்திருந்தாள். அந்த விடுதியில் ஒரு ஆள் தானாகக் குளிக்க வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"தலைக்கே ஊத்து தாயி" என்று குனிந்துகொண்டாள் காத்தாயி. "இனிமே எனக்கு என்ன இருக்கு?"

புஷ்பவல்லி செம்பில் தண்ணீரை மொண்டாள். கை மேலே எழும்பவில்லை.