நீராவி மீட்டருக்கு வைத்த பொட்டு

போன வாரம் மேரு டவுன் பக்கம் ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். சூடான தார் வாசனை காருக்குள் வந்தது. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் கண்ணாடியை இன்னும் இறக்கினேன். மற்றவர்களுக்கு மல்லிகைப்பூ வாசனையில் இளமைக்காலம் திரும்பி வரும். எனக்குத் தாரில்தான் வருகிறது. வாங்கி வந்த வரம் அப்படி.

எண்பதுகளில் அதே மேருவில், வாஷ் பேசின் செய்யும் தொழிற்சாலையொன்றில் எனக்கு கேஸ் தயாரிக்கிற வேலை. சிரிக்காதீர்கள். இரண்டு மாடி உயரத்தில் ஓர் இரும்பு அடுப்பு. மேலிருந்து நிலக்கரி விழும், அடியிலிருந்து காற்றும் நீராவியும் ஏறும். கரியைத் தாராளமாக எரியவிட்டால் சாம்பல்தான் மிஞ்சும். காற்றை அளந்து கொடுத்தால் எரிவாயுவாகிக் குழாய் வழியே பேசின்களைச் சுடும் சூளைக்குப் போகும். கூடவே தாரும் கசியும், அந்த வாசனை எங்கள் உடம்பிலேயே ஒட்டிக்கிடக்கும். நீராவி குறைந்தால் மட்டும் வம்பு. சாம்பல் உருகிக் கல்லாக இறுகிவிடும், காற்று ஏறாது, கேஸும் வராது.

மேனேஜர் லிம்முக்கு இந்த அடுப்பின்மேல் நம்பிக்கையே இல்லை. ஏற்கெனவே இரண்டு தடவை கேஸ் குறைந்து, சூளையிலிருந்த பேசின்கள் விரிசல் விட்டிருந்தன. மூன்றாவது தடவை நடந்தால் சூளைக்குப் பழையபடி டீசல்தான் என்று சொல்லிவிட்டார். டீசல் வந்தால் அடுப்பில் வேலை பார்த்த எங்கள் எட்டுப் பேருக்கும் வேலை இல்லை.

அந்த நேரத்தில் ஆயுத பூஜை வந்தது. மற்ற இயந்திரங்களை நிறுத்திவிட்டுக் கும்பிடலாம். எங்கள் அடுப்பை நிறுத்த முடியாது. ஓடுகிற அடுப்புக்கே பூஜை போட்டோம். எங்களில் பக்தி அதிகம் யாருக்கு என்கிறீர்கள்? பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த கத்தோலிக்கர் ஆரோக்கியம் அண்ணனுக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாதவர், சந்தனக் கிண்ணத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். வால்வுக்கு ஒரு பொட்டு, காற்றாடிக்கு ஒரு பொட்டு, நீராவி மீட்டரின் கண்ணாடிக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு பொட்டு.

"அண்ணே, முள்ளே தெரியலையே."

"ஒரு நாளைக்குத்தானே லா. சாமிக்கு வெச்சத யாராச்சும் தொடைப்பாங்களா?"

எனக்கும் துடைக்கத் தைரியம் வரவில்லை. பொரியும் பாயசமும் சாப்பிடப் போய்விட்டேன்.

பாயசம் முடியவில்லை, சூளையைப் பார்த்துக்கொள்ளும் ஹமீத் ஓடி வந்தார். "அப்பி கெச்சில், பாஸ்! அப்பி கெச்சில்!" சூளையில் தீ சுருங்கிவிட்டதாம். ஓடிப்போய்ப் பொட்டைத் துடைத்தேன். முள் அடியில் கிடந்தது. நாங்கள் கும்பிட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் நீராவி குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

நீராவியைத் திறந்துவிட்டேன். ஆரோக்கியம் அண்ணன் பூஜைக்குக் கட்டிய வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் மேலே ஏறினார். அடுப்பின் தலையிலிருந்த துளைகளில் நீளக் கம்பிகளை இறக்கி, ஆளுக்கொரு பக்கம் நின்று குத்தினோம். கம்பி கல்லில் மோதித் திரும்பியது. மறுபடியும் குத்தினோம். "ஏசுவே, முருகா, ரெண்டு பேரும் வாங்க!" என்று கத்திக்கொண்டே குத்தினார் அவர். முகத்தில் சந்தனமும் கரியும் வியர்வையும் சேர்ந்து வழிந்தன. திடீரென்று என் கம்பி சர்ரென்று உள்ளே இறங்கியது. கல் உடைந்துவிட்டது! அடுத்து அவருடைய கம்பியும் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஹமீதின் குரல்: "பெசார் சுடா! பெசார்!" தீ பெரிதாகிவிட்டது. நான் அழுதுவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் சூளையிலிருந்து வந்த ஒவ்வொரு பேசினையும் லிம் விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். விரிசல் விட்டது உடைந்த மண்பானை மாதிரி பொத்தென்று கேட்கும். எல்லாம் மணியாக ஒலித்தன. கடைசி பேசினைத் தட்டிவிட்டு, "நோ மோர் டீசல் லா" என்றார். நாங்கள் போட்ட கூச்சலுக்கு அலுவலகப் பெண்களே ஓடி வந்துவிட்டார்கள்.

தொண்ணூறுகளில் இயற்கை எரிவாயுக் குழாய் வந்தது. எட்டுப் பேரையும் லிம் வேறு பிரிவுகளுக்கு மாற்றிக்கொண்டார். அடுப்பை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். இப்போது அங்கே கன்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கடைசி நாள் அடுப்பை அணைக்க லிம் எங்கள் இரண்டு பேரைத்தான் கூப்பிட்டார். காற்றை நான் மூடினேன், நீராவியை ஆரோக்கியம் அண்ணன் மூடினார். அந்த ஆயுத பூஜைக்குப் பிறகு ஒருநாளும் எங்கள் கையில் அது தளர்ந்ததில்லை. நாங்கள் அணைத்துத்தான் அணைந்தது.