அழிக்கவா என்று கேட்ட டிஸ்க்

எங்கள் வேப்பம்பட்டு வீட்டு பால்கனியில் புறாத் தொல்லை தாங்கவில்லை. பழைய டிஸ்குகளைக் கட்டித் தொங்கவிட்டால் அந்தப் பளபளப்புக்கு மிரண்டு வராது என்று என் மகளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து ஒரு டப்பாவை இறக்கி, "அப்பா, இதுல எதனா இருக்குதா, கட்டிரலாமா?" என்றாள். எல்லாம் எழுதப்படாத டிவிடிக்கள். மூடியைத் திறந்ததும் குப்பென்று வந்த பிளாஸ்டிக் வாசனையில் நான் கும்மிடிப்பூண்டிக்குப் போய்விட்டேன்.

அங்கே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வீடியோ கடையில் ஐந்தாறு வருடம் வேலை பார்த்தேன். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து எல்லாவற்றையும் மிக்சிங் செய்து டிஸ்கில் போட்டுக் கொடுப்போம். அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. மணமகள் கண்ணிலிருந்து ரோஜாப்பூ கிளம்பி வருகிற மாதிரி எஃபெக்ட் போடத் தெரியும் என்பதில் கொஞ்சம் தலைக்கனம்.

வெற்று டிஸ்கில் என்ன பெரிய தேர்வு என்று சிரிக்காதீர்கள். மைனஸ் ஆர், பிளஸ் ஆர் என்று இரண்டு உண்டு. பார்க்க இரட்டைப் பிள்ளைகள். ஆனால் சில வீட்டு பிளேயர் மைனஸைப் பாடும், பிளஸைத் துப்பிவிடும். உங்கள் வீட்டில் என்ன பிளேயர் என்று கேட்டால், "சில்வர் கலரு" என்பார்கள். அதனால் பிளேயரையே தூக்கிக்கொண்டு வரச் சொல்வது எங்கள் கடை வழக்கம். தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்தவர்கள் துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவார்கள். கடை டிவியில் மாட்டி, எது ஓடுகிறதோ அந்த டிஸ்கில் எழுதுவோம்.

மூன்றாவதாக ஆர்டபிள்யூ என்று ஒன்று இருந்தது. அதில் அழித்து அழித்து எழுதலாம். அதை ட்ரையலுக்கு மட்டும்தான் வைத்திருந்தோம். மிக்சிங் முடிந்ததும் அதில் போட்டு மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டுவோம். "எங்க சித்தப்பா மூஞ்சியே காணோம்" என்று சண்டைக்கு வருவார்கள். சித்தப்பாவைச் சேர்த்து, பழையதை அழித்து, மறுபடி எழுதுவோம். ஒவ்வொரு தடவையும் 'அழித்துவிட்டு எழுதவா' என்று கம்ப்யூட்டர் கேட்கும். ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது எண்டரைத் தட்டியிருப்பேன். நாளாவட்டத்தில் கேள்வியைப் படிப்பதையே விட்டுவிட்டேன்.

ஏழுமலை அண்ணன் ஒரு இரும்பு ஆலையில் உலைக்கு முன்னால் நிற்கிறவர். முழங்கை வரைக்கும் பொரிப் பொரியாகச் சுட்ட தழும்பு. ஒரு நாள் பழைய வீடியோ கேசட் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"எங்க கல்யாண கேசட்டு நைனா. அவ போயி மூணு வருசம் ஆவுது. போட்டோ கீது. ஆனா அவ நடமாடறது இதுல மட்டும்தான்."

கேசட்டில் பூஞ்சை. துடைத்துத் துடைத்து இரண்டு நாளில் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். மாலை மாற்றும்போது அந்தப் பெண் குனியாமல் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். பின்னாலிருந்து ஒரு கை தலையில் தட்டிக் குனிய வைக்கிறது. குனிந்தபடியே சிரிக்கிறார். அண்ணன் கடையில் நின்று அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை போடச் சொன்னார்.

அவர் பிளேயரில் பிளஸ் ஓடவில்லை. மைனஸ் கைவசம் தீர்ந்திருந்தது.

"நாளைக்கு அவ திதி. இன்னிக்கே வோணும் நைனா."

ஆர்டபிள்யூவைப் போட்டுப் பார்த்தேன், ஓடியது. விலையும் கூட, அப்படியென்றால் தரமும் கூட என்று என் புத்தி சொன்னது. அதிலேயே எழுதினேன். மேலே ரோஜாப்பூ பார்டரோடு ஜோடி படம் போட்ட ஸ்டிக்கரை ஒட்டினேன். ஆர்டபிள்யூ என்ற எழுத்து அதற்கு அடியில் போய்விட்டது. "இனிமே கேசட்டு எதுக்குண்ணா, தூக்கிப் போடுங்க. இது நூறு வருசம் வரும்" என்று வேறு சொன்னேன். என் பேச்சை நம்பி அவரும் தூக்கிப் போட்டுவிட்டார். ஒரு வாரம் கழித்து, இடம் போதவில்லை என்று கம்ப்யூட்டரில் இருந்ததை நானும் அழித்தேன்.

மறு வருடம் வந்தார். பெரிய பெண்ணுக்குக் கல்யாணம்.

"அவ போற ஊட்டுக்கு அம்மாவையும் குடுத்தனுப்பணும் நைனா. இன்னொண்ணு போட்டுக் குடு."

கம்ப்யூட்டரில் இரண்டு டிரைவ். மேலே இருப்பது படிக்க மட்டும், கீழே இருப்பது எழுத. பேச்சுவாக்கில் அவர் டிஸ்கைக் கீழ் டிரைவில் போட்டுவிட்டேன். சாப்பாடு எங்கே சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. கம்ப்யூட்டர் அந்த வழக்கமான கேள்வியைக் கேட்டது. எண்டரைத் தட்டினேன்.

நிமிர்ந்து பார்த்தபோது அழித்து முடித்திருந்தது. டிரைவைத் திறந்து டிஸ்கை வெளியே எடுத்தேன்.

"இன்னா ஆச்சு நைனா?"

"ரீட் ஆவலண்ணா. டிஸ்க் கெட்டுப் போச்சு."

அவர் கோபப்படவில்லை. டிஸ்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழமையானா போட்டுக்கினே இருந்தேன். சும்மா சும்மா பாத்து நானே தேச்சிட்டேனா?"

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஆமாண்ணா, ரொம்பப் போட்டா அப்படி ஆவும்" என்றேன். அதைச் சொன்ன வாயை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் டிஸ்கைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். கல்யாணத்துக்கு அழைத்திருந்தார், நான் போகவில்லை.

சில வருடம் கழித்து ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். அப்படி அவசரமாக அழிக்கும்போது டிஸ்கின் முகப்பு மட்டும்தான் போகுமாம். படம் உள்ளே அப்படியே இருக்குமாம். தெரிந்தவர்களிடம் கொடுத்தால் மீட்டுவிடலாமாம். மறுநாளே ரயிலேறி அவர் குடியிருந்த லைன் வீட்டைத் தேடிப் போனேன். அந்த இடத்தில் லாரிகள் நின்றன. எங்கே போனார் என்று நான் கேட்ட யாருக்கும் தெரியவில்லை. ஆலையும் கைமாறியிருந்தது.

இப்போது அந்தக் கடை இல்லை. டிஸ்க் போடுகிற வாய் கம்ப்யூட்டருக்கே இல்லை. மைனஸா பிளஸா என்று கேட்டால் என் மகள் கணக்குப் பாடம் என்று நினைப்பாள். அதெல்லாம் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆசையாகப் பார்த்துப் பார்த்துத் தானே தன் பெண்டாட்டியை அழித்துவிட்டதாக நம்பிக்கொண்டு, அந்த மனிதர் எங்கேயோ இருக்கிறார்.