அத்தானின் மாரடைப்பு

எங்கள் அத்தான் காத்தமுத்துவுக்கு எதிலும் தெருவிலேயே முதல் ஆளாக இருக்க வேண்டும். தலத்தெருவில் முதலில் டிரான்சிஸ்டர் வாங்கியவர் அவர். கேஸ் அடுப்பும் அவர் வீட்டில்தான் முதலில் எரிந்தது. 1981 மே மாதக் கடைசியில் தெருவின் முதல் மாரடைப்பும் அவருக்கே வந்தது. நெரவி கொம்யூன் பஞ்சாயத்தில் கிளார்க் வேலை, நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட். முதலாளிமாருக்கு வருகிற வியாதி தனக்கு வந்ததில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

காரைக்கால் டாக்டர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார். "மாரடைப்புதான். இவருக்குக் கோபம் வர்ற மாதிரி யாரும் பேசாதீங்க" என்று சொல்லித் தொலைத்தார். சிகரெட்டை விடச் சொன்னது மட்டும் அத்தான் காதில் விழவில்லை. அன்றிலிருந்து வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். குழம்பில் உப்பு குறைந்தால் நெஞ்சைப் பிடிப்பார். நான் வாயைத் திறந்தாலே பிடிப்பார்.

ஜூனில் அவர் மகள் அல்லிக்குப் பாண்டிச்சேரியில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. ஜூலை பதினைந்துக்குள் சேர வேண்டும்.

"பொம்பளப் புள்ளைய தனியா அனுப்புனா என் நெஞ்சு தாங்காது" என்றார் அத்தான். கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று.

அல்லி சேர்க்கைப் படிவத்தை மடித்து அலமாரியில் வைத்தாள். என் அக்கா அன்னபூரணி அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எனக்குத்தான் மாரடைப்பு வந்திருக்க வேண்டும்.

வாராவாரம் இ.சி.ஜி. எடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் கோடு அதே இடத்தில் மேடாக ஏறி நின்றது. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அத்தான் அந்தத் தாள்களை விரித்துக் காட்டுவார். "பாத்தீங்களா, ஒரு மாத்தமும் இல்ல. ஸ்டெடியா நிக்குது." டாக்டரை உறுத்தியதும் அதுதான். பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கே எக்ஸ்ரேயும் வேறு சோதனைகளும் முடிந்தபின் ஒரு டாக்டர் அக்காவையும் என்னையும் வெளியே அழைத்தார். "மாரடைப்புன்னா இந்தக் கோடு நாளாக நாளாக மாறணும். இது ஆறு வாரமா அப்படியே இருக்கு. நுரையீரல்ல வந்த புற்றுநோய் இதயம் வரைக்கும் பரவியிருக்கு. அதுதான் மாரடைப்பு மாதிரி காட்டியிருக்கு. இனிமே சில மாசந்தான்."

அக்கா சுவரில் சாய்ந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"என்னவாம்?" என்றார் அத்தான்.

"மாரடைப்பு இல்லையாம்."

பதவி பறிபோனவர் போல அவர் முகம் தொங்கிவிட்டது. இ.சி.ஜி. தாள்கள் இருந்த பையிலிருந்து அக்கா அல்லியின் சேர்க்கைப் படிவத்தை எடுத்தாள். அதையும் கொண்டுவந்திருக்கிறாள் என்று எனக்கே தெரியாது.

"நாளைக்குக் கடைசி நாளுங்க. இதுல அப்பா கையெழுத்து வேணும்."

அவர் கை நெஞ்சுக்குப் போயிற்று.

"கைய எடுங்க" என்றாள் அக்கா. சத்தம் போடவில்லை. இருபது வருஷத்தில் அவரை எதிர்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

எடுத்தார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"அப்ப இது என்ன, சின்ன வியாதியா?"

"இல்லங்க. பெரிசு."

"மாரடைப்ப விடவா?"

"ஆமாங்க."

அத்தான் தலையணையை முட்டுக்கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பி, "நம்ம தெருவுல வேற யாருக்காச்சும் வந்திருக்கா?" என்று கேட்டார்.

எனக்குக் கேலி வரவில்லை, அழுகைதான் வந்தது.

"இல்ல அத்தான்" என்றேன். "நீங்கதான் மொதல்ல."