பெயிலானவங்க என்ன செய்யலாம், டீச்சர்?

பிளஸ் டூவில் மற்றவர்கள் கணக்கில் பெயிலாவார்கள், இங்கிலீஷில் பெயிலாவார்கள். நான் வரலாற்றில் பெயிலானேன். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். பிறகு, "வரலாறா?" என்று மெதுவாகக் கேட்பார்கள். கணக்கென்றால் மூளையைக் குறை சொல்லலாம், இங்கிலீஷ் என்றால் வெள்ளைக்காரனைக் குறை சொல்லலாம். வரலாற்றில் பெயிலானவள் யாரைச் சொல்வது? நடந்ததைத்தானே கேட்டிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் எனக்கு ஞாபக சக்தி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் எந்த வீட்டுப் பெண்ணை எங்கே கட்டிக்கொடுத்தார்கள், எந்தப் பங்காளிகள் எந்த வரப்புக்காகப் பேச்சை நிறுத்தினார்கள், திரும்ப யார் சாவில் பேசிக்கொண்டார்கள் என்பதெல்லாம் இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பானிபட்டில் யார் யாரோடு மோதினார்கள் என்பது மட்டும் நிற்கவில்லை. அவர்களில் ஒருவர்கூட எங்களுக்குச் சொந்தமில்லை.

பெயிலான கையோடு கல்யாணம் ஆகி அறந்தாங்கிக்குப் பக்கத்து ஊருக்கு வந்தேன். கணவர் கத்தாரில் ஏசி மெக்கானிக். நான் பெயில் என்பது அந்த வீட்டில் ரகசியம் இல்லை. குழம்பில் உப்புக் கூடினால் என் மாமியாருக்கு அது தானாக ஞாபகம் வரும். "பன்னெண்டாப்புல கோட்ட விட்டவ, கொழம்புல விட மாட்டாளா" என்று சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். நானும் சிரிப்பேன்.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை வைத்து ஊர் அங்கன்வாடியில் உதவியாளர் வேலை கிடைத்தது. ஊர் வழக்கில் பால்வாடி ஆயா. பிள்ளைகளுக்குச் சோறாக்குவது, முட்டை உரிப்பது, மூக்குத் துடைப்பது, மதியம் தூங்க வைப்பது. தூங்க வைக்கும்போது பிள்ளைகளுக்கு முன்னால் நான் தூங்கிவிடுவதாக எங்கள் டீச்சர் சொல்வார். அதை அபாண்டம் என்று என்னால் சொல்ல முடியாது.

அந்த டீச்சர் அடுத்த கோடையில் ஓய்வு பெறப் போகிறார் என்று பேச்சு வந்தது. ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ மட்டும் பிளஸ் டூ பாஸா இருந்தா இந்த வேலையை ஒனக்குக் கேட்டுப் பாக்கலாம். அனுபவம் கெடக்குல்ல."

"ஒரே ஒரு பாடம்தான் டீச்சர் நிக்கிது."

"எது?"

"வரலாறு."

நான் முதலில் சொன்ன அந்தக் கொஞ்ச நேரம் அங்கேயும் வந்து போனது.

அந்த வருடம் என் மகளும் பிளஸ் டூ. எப்போதும் வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் வருகிறவள். அரைப் பரீட்சைக்கு முன்னால் பெற்றோரையும் கூட்டி, படித்து முடித்தபின் எதற்கெல்லாம் போகலாம் என்று பள்ளியில் ஒரு கூட்டம் வைத்தார்கள். வழிகாட்டி டீச்சர் சுவரில் படம் போட்டு இன்ஜினீயரிங், நர்சிங், பாலிடெக்னிக், கேட்டரிங், கலைக் கல்லூரி என்று ஒவ்வொன்றாக விளக்கினார். எந்தக் குரூப் எடுத்தவர்கள் எந்தப் பக்கம் போகலாம், எதற்கு நுழைவுத் தேர்வு, எதற்கு இல்லை, படிக்க விருப்பமில்லாதவர்கள் என்ன தொழில் பழகலாம், எல்லாம் சொன்னார். கடைசியில், "சந்தேகம் இருந்தா பயப்படாமக் கேளுங்க" என்றார்.

யாரும் எழவில்லை. நான் எழுந்தேன்.

"பெயிலானவங்க என்ன செய்யலாம், டீச்சர்?"

கூடம் மொத்தமும் திரும்பியது. என்னைப் பார்க்கவில்லை, என் மகளைப் பார்த்தது. அவள் முகத்தில் ரத்தம் ஏறியதை நான் அங்கிருந்தே பார்த்தேன். டீச்சர் மேடையிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா இப்படி நெனைக்கிறீங்க? ஒங்க பொண்ணு நல்லாப் படிக்கிற பொண்ணு. வீட்டுலயே நீங்க இப்படிப் பேசுனா அது மனசு என்னாகும்?"

"அவ இல்ல டீச்சர். நான்தான் பெயிலு."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. ஆனாலும் அந்த டீச்சர் சிரிக்காமல் பதில் சொன்னார். தனித்தேர்வராக எழுதலாம், பழைய பாடம் போய்ப் புதுப் பாடத்திட்டம் வந்துவிட்டது, அதில்தான் எழுத வேண்டும், விண்ணப்பிக்க சேவை மையத்துக்குப் போக வேண்டும் என்று நிதானமாகச் சொல்லி, "எழுதுங்க, கட்டாயம் எழுதுங்க" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் மகள் எனக்கு மூன்று சீட் தள்ளி, யாரோ போல உட்கார்ந்து வந்தாள். இறங்கி ஊர்ப் பாதையில் பாதி தூரம் நடந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"கூட்டம் முடிஞ்சு தனியாப் போயிக் கேட்டிருக்கலாம்ல?"

"சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு சொன்னாங்களே."

கொஞ்ச தூரம் போனதும், "புஸ்தகம் போன வருச ஹிஸ்டரி குரூப் அக்காககிட்ட வாங்கித் தாரேன். ஒழுங்காப் படிக்கணும்" என்றாள். அன்று முதல் வீட்டில் இரண்டு மாணவிகள். அதில் ஒருத்திதான் கண்டிப்பு.

புத்தகம் தலையணை கனத்துக்கு இருந்தது. இரண்டு மூன்று நாள் அதற்கே பயன்பட்டது. சாயங்காலம் விளக்கு வைத்ததும் என் போனைப் பிடுங்கி அரிசி டின்மேல் வைத்துவிட்டு எதிரில் உட்காருவாள். நான் என் வசதிக்கு எல்லாவற்றையும் ஊர்க் கதையாக மாற்றிக்கொண்டேன். பிரான்ஸ் நாட்டு ராணி எனக்கு வெளியூரிலிருந்து வந்து செலவாளி என்று பேர் வாங்கிய மருமகள். ராஜா, பெண்டாட்டி பேச்சையும் தட்ட முடியாமல் ஊரையும் சமாளிக்க முடியாமல் முழித்த மனுஷன். ஜனங்கள் ரொட்டி கேட்டு அரண்மனைக்கு நடந்த இடத்தைச் சொல்லும்போது என் மாமியார் அடுப்படியிலிருந்து வந்து நின்று கேட்டார்.

"அப்பறம் அந்தப் பிள்ளைய என்னதான் பண்ணுனாங்க?"

"தலைய வெட்டிட்டாங்க அத்தை."

"செலவு பண்ணுனதுக்கா?" என்று அவர் வெகுநேரம் வருத்தப்பட்டார்.

"அம்மா, பரிச்சையில இப்படி எழுதிராத" என்றாள் மகள்.

என் கணவரிடம் சொன்னதுதான் நான் செய்த பெரிய பிசகு. அவர் சந்தோஷத்தில் கத்தாரில் தன்னோடு அறையில் தங்கியிருந்த அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார். வீடியோ காலில் முன்பெல்லாம் அவர் முகம் ஒன்றுதான் தெரியும். இப்போது பின்னால் லுங்கியும் பனியனுமாக ஒரு கூட்டம். ஒருவர் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே, "தங்கச்சி, எத்தனாவது பாடம் ஓடுது?" என்பார். கந்தர்வக்கோட்டைக்காரர் ஒருவர் தினமும் தைரியம் சொல்வார். "நெப்போலியனுக்கெல்லாம் பயப்படாதீங்க தங்கச்சி. அந்த ஆளே கடைசியில தோத்தவன்தான்." பாடத்தில் எங்கே இருக்கிறேன் என்று கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு அறைக்கே தெரிந்திருந்த நிலையில் பாதியில் விடவும் வழியில்லாமல் போனது.

பரீட்சை நாளில் மகளுக்கு உயிரியல், எனக்கு வரலாறு. மாமியார் இட்லி அவித்து, இருவர் நெற்றியிலும் திருநீறு பூசி அனுப்பினார். மகள் அவள் பள்ளிக்குப் போனாள். எனக்கு அறந்தாங்கியில் ஆண்கள் பள்ளியில் சென்டர். வாசலில் நின்ற காவலாளி என்னைப் பார்த்ததும், "பேரண்ட்ஸ் எல்லாம் அங்கிட்டு நில்லுங்க, மரத்தடிக்குப் போங்க" என்றார். நான் மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டேன். ஏன் போனேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. போகச் சொன்னால் போய்ப் பழக்கம்.

பக்கத்தில் நின்ற அம்மா பேச்சுக் கொடுத்தார்.

"ஒங்க பையனுக்கு என்ன பரிச்சை?"

"வரலாறு."

"நல்லாப் படிச்சிருக்கானா?"

"சொல்ல முடியலைங்க."

"எம் பையனும் அப்படித்தான். போன தடவை போச்சு" என்று அவர் பெருமூச்சு விட்டார். நானும் விட்டேன். மணி அடித்தபோதுதான் கையில் ஹால் டிக்கெட் இருப்பது உறைத்தது. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்த அம்மா என்னைக் கூப்பிட்டது காதில் விழுந்தது. நின்று விளக்க நேரமில்லை.

உள்ளே எல்லாம் மீசை முளைத்துக்கொண்டிருந்த பையன்கள். நான் நுழைந்ததும் டீச்சர் என்று நினைத்துப் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் அவர்கள் முகத்தில் ஏற்பட்ட நிம்மதியை மறக்க முடியாது.

கேள்வித்தாளில் பிரெஞ்சுப் புரட்சி வந்திருந்தது. கை நிற்கவே இல்லை. ராணி, ராஜா, ரொட்டி, ஊர்ப் பேச்சு எல்லாம் எழுதினேன். கூடுதல் தாள் வாங்கி எழுதினேன். மற்றக் கேள்விகளுக்கு நேரமில்லாமல் போனதைக் கடைசியில்தான் கவனித்தேன்.

மகளுக்கு இயற்பியல் சரியாக எழுதவில்லை என்று ஒரு பயம் இருந்தது. ரிசல்ட் அன்று அழுதால் சொல்வதற்காக நான் பேச்சு ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தேன். மார்க்குதான் எல்லாமா, இன்னொரு தடவை எழுதினால் ஆயிற்று, அம்மா இருக்கிறேன் என்று போகும். ரிசல்ட் வந்தது. அவளுக்கு நினைத்ததைவிட நல்ல மார்க். பிறகு என் எண்ணைப் போட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள். முப்பத்தைந்து வேண்டிய இடத்தில் முப்பத்தொன்று.

"மார்க்குதான் எல்லாமாம்மா?" என்றாள். "இன்னொரு தடவ எழுதுனா ஆச்சு. நான் இருக்கேன்ல."

என் பேச்சை என்னைவிட அவள் நன்றாகச் சொன்னாள். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். மாமியார் அன்றைக்குக் குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உப்பு உண்மையிலேயே கூடியிருந்தது. கத்தாரிலிருந்து கந்தர்வக்கோட்டைக்காரர், "மறுமதிப்பீடு கேளுங்க தங்கச்சி" என்றார். நான் எழுதியதை இன்னொருவரும் படிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மகளை நர்சிங்கில் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை. படித்தால் எந்த நாட்டுக்கும் போகலாம் என்று அவளிடம் எடுத்துச் சொன்னேன். "ரத்தத்தப் பாத்தா எனக்கு மயக்கம் வரும்னு ஒனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். தெரியும், அது என்னிடமிருந்து போனது. பால்வாடியில் ஒரு பிள்ளை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டபோது, பிள்ளையை விட்டுவிட்டு எனக்குத்தான் தண்ணீர் தெளித்தார்கள். புதுக்கோட்டைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் சேர்ந்தாள். வழிகாட்டி டீச்சர் சொன்னதில் அவளுக்குப் பிடித்திருந்ததும் அதுதானாம். நான் அந்தக் கூட்டத்தில் என் சந்தேகத்தை மட்டும்தான் கேட்டு வந்திருக்கிறேன்.

உடனே வந்த துணைத் தேர்வுக்குப் பணம் கட்டினேன். "நீ கதை சொல்ற. அவங்க பாயிண்டு கேக்குறாங்க" என்று சொல்லி, ஒவ்வொரு பதிலையும் எண் போட்டு எழுத மகள் பழக்கினாள். கதை சொல்லும் ஆசையைப் பால்வாடியில் தீர்த்துக்கொண்டேன். மதியம் பிள்ளைகளைப் படுக்க வைத்துக் கிழக்கிந்தியக் கம்பெனி வந்திறங்கியதை ஆரம்பிப்பேன். கப்பல் கரை சேர்வதற்குள் அத்தனையும் தூங்கிவிடும். நான் விழித்திருந்ததைப் பார்த்து டீச்சர் ஆச்சரியப்பட்டார்.

இந்த முறை காவலாளியிடம் ஹால் டிக்கெட்டை நீட்டிவிட்டு நேராக உள்ளே போனேன். ஐம்பத்திரண்டு மார்க்கில் பாஸ். கத்தார் அறையில் பாயசம் வைத்தார்களாம். எனக்கு இங்கே யாரும் வைக்கவில்லை, நானே வைத்தேன்.

அதற்குள் எங்கள் டீச்சர் ஓய்வு பெற்று, அந்த இடத்துக்குத் தகுதியோடு ஒருவர் வந்து சேர்ந்துவிட்டார். என்னைவிடச் சின்னவர், நல்லவர். அரிசி எங்கே, அகப்பை எங்கே, எந்தப் பிள்ளை கடிக்கும் என்று நான்தான் காட்டிக்கொடுத்தேன். அடுத்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வந்தபோது கோட்டைப்பட்டினம் பக்கம் ஒரு மையத்தில் போட்டார்கள். காலையில் பஸ் பிடித்துப் போக வேண்டும். எல்லாம் மீன்பிடிப் போட்டுக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள். நான் கொடுத்த முட்டையை முகர்ந்து பார்த்து, நாறுகிறது என்று திருப்பித் தந்தார்கள்.

முதல் நாள் காலையில் ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு வாசலில் வந்து நின்று, "டீச்சர்" என்று கூப்பிட்டார். உள்ளே டீச்சர் வந்துவிட்டாரா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"ஒங்களத்தான் டீச்சர்" என்று அவர் பிள்ளையை என் கையில் கொடுத்தார். அது உடனே அழ ஆரம்பித்தது.