பட்டியலில் வராத ஆறு பக்கங்கள்

சென்ற வாரம் காரைக்காலிலிருந்து ஒரு கார்டு வந்தது. மூலையில் கரி தடவியிருந்ததால் சாவுச் செய்தி என்று படிக்கும் முன்பே தெரிந்தது. அமலோற்பவத்தின் அண்ணன் எழுதியிருந்தார். விஷக்காய்ச்சல், பதினோரு நாள் கிடந்தாளாம். கார்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு இரண்டு மணி வகுப்புக்குப் போனேன். என்ன பாடம் நடத்தினேன் என்று நினைவில்லை.

பிரெஞ்சு, இத்தாலிய மொழித்துறையில் அவளோடு படித்து, இன்று அவளுக்காக இங்கே கூடியிருக்கும் உங்களுக்கு அவளைத் தெரியும். வீட்டிலேயே பிரெஞ்சு பேசி வளர்ந்தவள், உரக்கச் சிரிப்பவள். நான் ஏரியூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். புரிந்துகொண்டு படிக்கும் தைரியம் எனக்கு வரவில்லை. அதனால் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். “மனப்பாடம் செய்கிறவருக்கு இந்தத் துறையில் இடமில்லை” என்று துறைத் தலைவர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஆகவே ஒளித்துச் செய்தேன்.

சென்னையில் குண்டு விழும் என்று ஊரே காலியான வருஷம் எங்களைத் தர்மபுரிக்கு அனுப்பினார்கள். பென்னாகரம் சாலையில் ஒரு புளி வியாபாரியின் வீட்டில் தலைவரும் மாணவர் எட்டுப் பேருமாகத் துறை நடந்தது. புத்தகப் பெட்டி மொரப்பூர் வரை ரயிலிலும் பிறகு மாட்டு வண்டியிலுமாக வந்து சேர்ந்தது. திறந்தால் உள்ளே கல். நிலவியல் துறையின் பெட்டி மாறி வந்திருந்தது.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “ஏனுங்க, இதுக்கா மெட்ராசுல இருந்து கட்டித் தூக்கியாந்தீங்க? எங்க வத்தல்மலையில கெடக்கறது பத்தாதுங்களா?”

அமலோற்பவம் மட்டும் சிரித்தாள். பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. பாடமாக வைத்திருந்த கதைப் புத்தகத்தில் துறைக்கு இருந்ததே இரண்டு பிரதிகள், இரண்டும் வராத பெட்டியில். போர்க்காலத்தில் பிரான்சிலிருந்து வேறு வரவும் வழியில்லை. மற்றவர்கள் அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம். எனக்கு அடுத்த வருஷம் கிடையாது. இந்தப் பரீட்சை வரைதான் படிப்பு என்று சொல்லித்தான் அப்பா அனுப்பியிருந்தார்.

“சார், ராஜம்மாளுக்கு முழுசும் மனப்பாடம்” என்றாள் அமலோற்பவம். “குளிக்கிறப்பகூட முணுமுணுத்துக்கிட்டே இருப்பா.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தலைவர் கல் பெட்டியின் மூடியைச் சாத்தினார். பிறகு, “கடைசிப் பக்கம் வரைக்குமா?” என்றார்.

“அச்சாபீஸ் பேரு வரைக்கும் சார்” என்று அதற்கும் அவளே பதில் சொன்னாள்.

அன்று முதல் நான் சொல்ல அவள் எழுதினாள். நான் அர்த்தம் தெரியாமல் நிறுத்திய இடங்களில் எல்லாம், “ஏன்டி எழுதினவன் கழுத்தை நெரிக்கிறே, வாக்கியம் முடியட்டும்” என்பாள். நாலு நாளில் புத்தகம் கிட்டத்தட்ட முடிந்தது. நடுவில் ஆறு பக்கம் மட்டும் என்னிடம் இல்லை. அதை நெட்டுரு போட வேண்டிய வாரத்தில் நான் மலேரியாவில் படுத்திருந்தேன்.

“வார்த்தைதானே இல்லை, கதை எனக்குத் தெரியும்” என்று அவளே எழுதினாள். ஒரே அமர்வில் எழுதினாள். நடுவில் ஒரு தரம் எழுந்து தண்ணீர் குடித்தாள்.

எட்டுப் பேரும் தேறினோம். அதற்குப் பிறகுதான் சரியான பெட்டி வந்தது. தலைவர் அச்சுப் புத்தகத்தையும் எங்கள் கைப்பிரதியையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்த்தார். அந்த ஆறு பக்கத்தை இரண்டு முறை படித்தார். “அச்சில் இருப்பதைவிட இது நன்றாக இருக்கிறது. யார் எழுதியது?” என்று கேட்டார்.

ஆண்டுதோறும் துறையின் சாதனைப் பட்டியலைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு வரிக்கு ஒரு பெயர்தான். அந்த வருஷம் அனுப்ப, புத்தகத்தை மீட்டு எழுதிய இந்த ஒரு வரியைத் தவிர எங்களிடம் ஒன்றும் இல்லை. அதில் பெயர் வருகிறவருக்குத் துறையில் உதவி விரிவுரையாளர் வேலை கிடைக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தலைவர் அப்படிக் கேட்டதற்கு முந்தின நாள்தான் அப்பா வந்து போயிருந்தார். “பரீட்ச முடிஞ்சுதில்ல அம்மிணி, வூட்டுக்குக் கெளம்பு. பென்னாகரத்துல பேசி வெச்சிருக்குது. நல்ல எடம்.” அமலோற்பவம் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

தலைவர் கேட்டதும் அவள்தான் பதில் சொன்னாள். “ராஜம்மா சொன்னா சார். முழுசும் அவதான். நான் எழுதின கை மட்டும்தான்.”

மறுப்பதற்கு எனக்கு நேரம் இருந்தது. தலைவர் பேனாவைத் திறந்து, மையைத் தொட்டு, காகிதத்தை நேராக்கிய பிறகுதான் எழுதினார். நான் பேசவில்லை. கூச்சம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பிறந்ததிலிருந்து கூச்சத்தோடு இருப்பவள் நான். அது கூச்சமில்லை என்று இப்போது எனக்குத் தெரியும்.

அவள் காரைக்காலில் சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எழுத்து சொல்லிக்கொடுக்கப் போனாள். இரண்டு வருஷம் கழித்து ஒருமுறை சென்னைக்கு வந்தபோது கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று.

“நீ ஊருக்குப் போயிருந்தா இந்நேரம் மூணு எருமையும் ஒரு மாமியாரும் பிரெஞ்சு கத்துக்கிட்டிருக்கும். பாவம் எருமைங்க” என்றாள். பிறகு சிரிக்காமல், “எனக்கு வேற வழி கிடைக்கும்னு நினைச்சேன்” என்றாள். கிடைக்கவில்லை. அவள் எழுதியதாக அந்த ஆறு பக்கத்துக்குமேல் எதுவும் இல்லை.

இந்த வருஷப் பட்டியலை எழுதுவது என் பொறுப்பு. பழைய வரியைத் திருத்த முடியுமா என்று தலைவரிடம் கேட்டு, நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கு அன்றைக்கே சந்தேகம்தான். ஆனால் அச்சானதில் கை வைக்க முடியாதம்மா” என்றார். அதனால்தான் இங்கே, அவளை அறிந்தவர்களிடம் சொல்கிறேன். அந்தப் பக்கங்களை எழுதியது அமலோற்பவம். அவற்றில் ஒரு சொல்கூட என்னுடையது அல்ல.

அவளுடையதாக என்னிடம் இருப்பது இந்த வேலை. நாளை பத்து மணிக்கு முதல் வகுப்பு.