ஏழாம் மணியும் எட்டாம் மணியும்

பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் குடுவை கழுவுவதும் பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டுவதும் அந்த அம்மாளின் வேலை. சேர்ந்து இருபத்திரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகியிருந்தன. அதில் கடைசிப் பதினோரு வருடமாகக் கைமணிக் குழுவும் அவர் தலையில்தான். பாட்டு டீச்சர் மாற்றலாகிப் போன அன்று, "தப்பாம எண்ணத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார்கள். சொட்டுச் சொட்டாக எண்ணிப் பழகியவர், சும்மா இருக்காமல் தலையாட்டிவிட்டார்.

குழுவில் பன்னிரண்டு பெண்கள். கையுறை மாட்டிய கைகளில் ஆளுக்கு இரண்டாக இருபத்து நான்கு மணிகள், ஒரு மணிக்கு ஒரே சுரம். ஒருத்தி வராவிட்டால் பாட்டு பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடும். வாரத்தில் நான்கு நாள், மாலை நாலேகாலிலிருந்து ஆறு வரை, மெத்தை விரித்த நீள மேசைக்கு எதிரே நின்று அவர் எண்ணுவார். பிறகு மணிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்குவார். வீடு சேர ஏழேகால். கணவர் விடிகாலைப் பேருந்தின் ஓட்டுநர், எட்டுக்கெல்லாம் படுத்துவிடுவார்.

"உன்கிட்ட நாலு வார்த்தை பேசணும்னா நானும் கையுறை மாட்டிக்கிட்டு வரிசையில நிக்கணும் போல," என்பார் அவர்.

"நிக்கலாம். உங்களுக்குத் தாளம் வராதே," என்பார் இவர், கணுக்காலில் தைலம் தேய்த்தபடி.

பள்ளிகளுக்கிடையே நடக்கும் கைமணிப் போட்டிக்கு ஒரு வாரம் முன்பு தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். "ரெண்டு வருஷமா வெறுங்கையோட வர்றோம். இந்தத் தடவை முதல் மூணு இடத்துக்குள்ள வரலைன்னா குழுவைக் கலைச்சிடலாம்மா. நீங்களும் பாவம், மத்தவங்க மாதிரி நேரத்தோட வீட்டுக்குப் போங்க."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவர் கணவரிடம் மறைக்காமல் சொன்னார்: "தோத்துட்டா நல்லாத்தான் இருக்கும்."

போட்டி நாளன்று காலை, குழுவில் எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் பெண் அரங்கப் படியில் தடுக்கி விழுந்தாள். ஏழும் எட்டும் அவளுடைய மணிகள். மணிக்கட்டு பூரி மாதிரி உப்பிவிட்டது. அடிபட்டவருக்குப் பதிலாகப் பள்ளி ஊழியர் ஒருவர் வாசிக்கலாம் என்று விதியில் இருந்தது. பன்னிரண்டு பேருடைய பாடமும் மனப்பாடமாகத் தெரிந்தவர் ஒருவர்தான்.

"நீங்க கண்ணை மூடிட்டே வாசிப்பீங்க மிஸ்," என்றாள் நெட்டை.

கையுறை மாட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் போய் நின்றார். பதினோரு வருடத்தில் அந்தப் பக்கம் நிற்பது அதுதான் முதல் தடவை. பிள்ளைகளுக்கு எதிரே நின்று கையை ஆட்டிக் காட்டியவருக்கு, ஏழு எப்போதும் வலப்பக்கம், எட்டு இடப்பக்கம். இப்போது இரண்டும் இடம் மாறியிருந்தன. பாட்டு தொடங்கி ஏழாம் மணியின் முறை வந்ததும் அவருடைய வலது கை தானாக எழுந்தது. ஒலித்தது எட்டு. அடுத்ததும் தப்பு, அதற்கடுத்ததும் தப்பு. பக்கத்தில் நின்ற குண்டுப் பெண் திரும்பிப் பார்க்காமல், "மாத்துங்க மிஸ்," என்று பல்லிடுக்கில் சொன்னாள். நான்கு எண்ணிக்கை இடைவெளி கிடைத்தபோது இரண்டு மணிகளையும் கைமாற்றிக்கொண்டார். அதற்குப் பின் ஒரு பிசகும் இல்லை.

மதிப்பெண் தாள் வந்தது. மூன்றாம் இடத்துக்கு எண்பத்து நான்கு. இவர்களுக்கு எண்பத்திரண்டு. தவறிய சுரம் மூன்றுக்கு, ஒன்றுக்கு ஒன்றாக மூன்று மதிப்பெண் கழித்திருந்தார்கள்.

நடைக்கூடத்து பெஞ்சில் பெண்கள் தொங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். "பழியை என் கைமேல போட்டுடுங்க மிஸ். எப்படியும் வீங்கித்தானே கிடக்கு," என்றாள் நெட்டை. யாரோ ஒருத்தி சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வேண்டுமென்றே செய்தேனா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். இல்லை. ஆனாலும் தோற்றால் தேவலை என்று நினைத்தது இந்த மனசுதான்.

தலைமையாசிரியை வந்து பெருமூச்சு விட்டார். "சரி, நம்ம அதிர்ஷ்டம் அவ்வளவுதான். கலைச்சிடலாம்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மறுநாளிலிருந்து சாயங்காலங்கள் அவருடையவை. மதிப்பெண் தாளை நீட்டினார்.

"மேடம், கழிச்ச மூணும் என்னோடது. இவங்க பதினோரு பேர்ல ஒருத்திகூடத் தப்பல. அதைச் சேர்த்துப் பாருங்க, எண்பத்தஞ்சு வருது. நான் பண்ணின தப்புக்கு இவங்க குழுவைக் கலைக்கறது சரியில்ல."

தலைமையாசிரியை தாளைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "அப்படின்னா இன்னும் ஒரு வருஷம் நீங்கதான் நிக்கணும். வேற ஆள் இல்ல. யோசிச்சுதான் சொல்றீங்களா?"

"யோசிச்சா சொல்ல மாட்டேன் மேடம். எழுதிக்கோங்க."

தலைமையாசிரியை அந்தப் பக்கம் போனாரோ இல்லையோ, அடுத்த வருடத்துக்கு எந்தப் பாட்டு என்று பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

"பாட்டு நாளைக்கு. இப்ப எல்லாரும் கொஞ்சம் தள்ளி உட்காருங்க," என்றார் அவர். அவர்கள் தள்ளி உட்கார்ந்து விட்ட இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.