தியோடர் வாயில் ஓடும் தண்ணீர்

"க்ளக்... க்ளக்... ஸ்ஸ்ஸ். இப்டியா சார் வருது? இல்ல, ளொப் ளொப்னு வருதா?"

வீட்டுக்காரர் விழிப்பார். தியோடர் விடமாட்டார். கண்ணை மூடி, கன்னத்தை உப்பி, இன்னொரு சத்தம் எழுப்புவார். "அதே! அதேதான்!" என்று வீட்டுக்காரர் துள்ளிய பிறகுதான் பையிலிருந்து ஸ்பேனர் வெளியே வரும். மர்பி டவுனில் பிறந்து, ஐம்பத்து மூன்று வயதுவரை பெங்களூர்க் குழாய்களோடு மல்லுக்கட்டிய பிளம்பர். வாஷர் போன குழாய், காற்றடைத்த பைப், சாகக் கிடக்கும் மோட்டார் எல்லாமே அவர் தொண்டையில் குடியிருக்கின்றன. சர்ச்சில் பிரசங்கத்தின் நடுவே, தலைக்கு மேல் கிறீச்சிடும் ஃபேனுக்கு இவரும் பதில் கொடுத்துவிடுவார். அதனால் மனைவி நோரா முழங்கையைத் தயாராக வைத்துக்கொண்டுதான் பக்கத்தில் உட்காருவாள்.

தொண்ணூற்றொன்பதாம் வருட ஆரம்பத்தில் இவரை இந்திரா நகருக்குக் கூப்பிட்டவர் கஸ்தூரிரங்கன். மாநிலப் பாசனத் துறையில் பெரிய பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். லட்சம் ஏக்கருக்கு மதகு திறந்துவிட்ட அந்த மனிதர், தம் வீட்டு முன்னால் இருக்கும் கையகலப் புல்வெளியின் ஹோஸ் பைப்பை மட்டும் யாரிடமும் கொடுக்கமாட்டார். அமெரிக்காவில் மகள் அம்ருதாவுக்குத் தலைப்பிரசவம். மனைவி ரமா டிக்கெட் எடுத்துப் பெட்டியும் கட்டியாயிற்று. இவரோ, "புல்லை யார் பாத்துப்பா?" என்று ஒரே பல்லவி.

"டென்ஷன் வுடு சார். ஆட்டோமேட்டிக் போட்டுக்கலாம்" என்றார் தியோடர். "டைம் ஆச்சுன்னா அதுவே எய்ந்துக்கும், அதுவே குளிப்பாட்டும், அதுவே படுத்துக்கும். வூட்ல புள்ளைங்க கூட அப்டி இருக்காது."

மண்ணுக்கடியில் பைப் புதைத்து, சுவரில் டைமர் பெட்டி மாட்டி, நாலு மூலைக்கும் சுழன்று தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் நாலு நட்டார். ஆனால் பாசனத் துறைக்காரர் லேசில் மசிவாரா? நாலும் சரிசமமாகத் தண்ணீர் தருகின்றன என்று நிரூபிக்க வேண்டுமாம். தியோடர் ரமாவிடம் நாலு டம்ளர் கேட்டார். வந்தவை எவர்சில்வர் டம்ளர்கள், ஒவ்வொன்றிலும் புள்ளி புள்ளியாக விசேஷத்தின் பெயர் வெட்டியது. மூலைக்கொன்றாக வைத்து, அரைமணி தண்ணீர் விட்டு, விரலை விட்டு அளந்தார்.

"சார், கல்யாணத்துல ரெண்டு வெரக்கடை. உபநயனத்துல ரெண்டு. சஷ்டியப்தபூர்த்தியும் ரெண்டு. இந்தக் கிரகப்பிரவேசம்தான் சார், இன்னா பண்ணாலும் ஓவரா ஆடுது. மூணு!"

அன்றிலிருந்து ஸ்பிரிங்க்ளர்களுக்கு அவையே பெயர்கள். கிரகப்பிரவேசத்தின் திருகை மட்டும் தியோடர் ஏழு தடவை இறுக்கினார். கஸ்தூரிரங்கனுக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. காலை ஆறு மணிக்குத் தானாக ஓடும் தண்ணீர் தானாகத்தான் ஓடுகிறதா என்று பார்க்க, ஐந்தரைக்கே குடை பிடித்துப் புல்வெளி நடுவில் நின்றார்.

கிளம்புகிற அன்று ரமா வாசலில் தியோடரை நிறுத்தினாள். "இவருக்குப் பதட்டம் வந்தா மூட்டையைக் கட்டிடுவார். பிரசவ நேரத்துல புல்லுதான் பெரிசுன்னு ஓடி வந்துட்டார்னா என் பொண்ணு முகத்துல நான் எப்படி முழிப்பேன்? தண்ணி தெளிக்கற சத்தம் போன்ல காதுல விழுந்தாப் போறும், மனுஷர் அடங்கி உக்காருவார். நீங்கதான் பாத்துக்கணும்."

"நான் இருக்கேன்மா" என்றார் தியோடர், சாவியை வாங்கிக்கொண்டு.

ஒன்றுவிட்டு ஒரு நாள், ஆறு மணிக்கு அமெரிக்காவிலிருந்து போன் வரும். "நீ பேசாதே. அதைப் பேசச் சொல்லு" என்பார் கஸ்தூரிரங்கன். தியோடர் ரிசீவரை ஜன்னல் கம்பி வழியாக வெளியே நீட்டுவார். டிக் டிக் டிக் டிக், சர்ர்ர். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "பேஷ்" என்று வைத்துவிடுவார். ஆக, ஆள் இல்லாமல் ஓடுகிற தண்ணீருக்காக ஆள் ஒருவர் மொபெட்டை உதைத்துக்கொண்டு விடியற்காலையில் வரவேண்டியதாயிற்று. நோரா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மார்ச்சில் ஒரு நாள், ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மர் 'டமால்' என்றது. தியோடரும் ஒரு தரம் 'டமால்' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம்தான் உறைத்தது. கரண்ட் இல்லை, மோட்டார் இல்லை, தண்ணீர் இல்லை. சம்ப்புத் தொட்டியிலிருந்து பக்கெட்டில் மொண்டு ஊற்றிவிடலாம், புல் பிழைத்துக்கொள்ளும். ஆனால் பக்கெட் டிக் டிக் என்று பேசாதே!

போன் அடித்தது.

"தியோடர், அம்ருதாவுக்கு வலி எடுத்துடுத்து. ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறேன். ரமா உள்ளே இருக்கா." எப்போதும் அதட்டுகிற குரல் இன்று உடைந்திருந்தது. "இருப்புக் கொள்ளலைய்யா. ரெண்டு நிமிஷம் அதைக் கேட்டுக்கறேன்."

தியோடர் செருமிக்கொண்டார். ரிசீவரை ஜன்னலுக்குக் கொண்டுபோகாமல் உதட்டருகில் பிடித்து, கண்ணை மூடி, கன்னத்தை உப்பினார். டிக் டிக் டிக் டிக், சர்ர்ர். ஒரே வாயில் நாலு மூலையும் சுழன்றன. மூச்சு வாங்கியபோது அதையும் காற்றடைத்த பைப்பாக மாற்றிச் சமாளித்தார். அந்தப் பக்கம் பெருமூச்சு ஒன்று மெல்ல இறங்கியது.

"பேஷ்" என்றார் கஸ்தூரிரங்கன். பிறகு சற்று யோசித்து, "ஆனா, கிரகப்பிரவேசம் சொல்ப வேகமாச் சுத்தறதே?"

தியோடர் கண்ணைத் திறந்து, மூலையில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நின்ற கிரகப்பிரவேசத்தைப் பார்த்தார். வலது கையை நீட்டி, காற்றில் இல்லாத திருகை அரைச் சுற்று இறுக்கிவிட்டு, மறுபடி ரிசீவரை வாயருகே கொண்டுபோனார்.

டிக்... டிக்... டிக்...